முகாமில் சீட்டு கொடுத்தார்கள், அப்புறம் ஏன் போகவில்லை?

எங்கள் சித்தி பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கிறார். பாசி எடுக்கிற வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேலைக்கு மேல் சித்தப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு, கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். சுகர் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், அப்படியே வகுப்பறை மூலையில் சேலையால் மறைப்பு கட்டி அதற்குள் ஒரு நர்ஸம்மா பெண்களுக்கு மார்பையும் தடவிப் பார்த்தார். சித்திக்கு இடது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக் காட்டுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு ஏழு மாதம் ஆகியும் ரேஷன் கார்டு உறைக்குள் கிடந்தது. வேறு எதற்கோ கார்டை எடுத்தபோதுதான் நான் பார்த்தேன். நாலாக மடித்த மடிப்பில் காகிதம் இற்றுப்போயிருந்தது, உப்புக்காற்றின் ஈரத்தில் நீல மை பரவி தேதியே சரியாகத் தெரியவில்லை.

"ஏன் சித்தி போகலை?" என்று கேட்டேன்.

"வலிக்கவே இல்லையேத்தா. வலிச்சா போகமாட்டேனா?" என்றார். பக்கத்திலிருந்த தம்பி, "அம்மா மறந்துட்டாக போல" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரொம்ப நாள் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மதியம் அரிசி புடைத்துக்கொண்டே சித்தி சொன்னது வேறு. தினமும் ராத்திரி விளக்கை அணைத்ததும் கை தானாக அங்கே போகுமாம். சில நாள் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும், சில நாள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். "இல்லைன்னு தோணுன அன்னைக்குத்தான் தூக்கமே வரும்" என்றார். ஏழு மாதத்தில் ஒரு ராத்திரிகூட அதை மறக்கவில்லை.

அதைக் கேட்ட பிறகுதான், மார்பகப் புற்றுநோய் முகாமில் சீட்டு வாங்கிய பெண்கள் அடுத்த பரிசோதனைக்கு ஏன் போவதில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் எங்கள் கடற்கரையில் பார்த்ததையும் சேர்த்து, முதல்முறையாக இதைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முகாமில் தடவிப் பார்ப்பதோ, மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) எடுப்பதோ நோயைக் கண்டுபிடிப்பது ஆகாது. அது வடிகட்டுவது மட்டும்தான், ஸ்கிரீனிங் என்று சொல்வார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத நூறு பெண்களைப் பார்த்து, இவர்களில் யாரை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும் என்று பிரித்து எடுப்பது. பிரித்து எடுத்தவர்களுக்கு அடுத்து ஸ்கேன், மேமோகிராம், தேவைப்பட்டால் ஊசி போட்டு அந்த இடத்திலிருந்து துளி சதையை எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்று வரிசையாக வரும். இந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் தொடர் பரிசோதனை என்று பெயர். முதல் கட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் இரண்டாவது நடக்கவில்லை என்றால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும், ஏனென்றால் எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்பதைத்தான் முகாம் நடத்துகிறவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சீட்டு வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமா? இல்லை. பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் கூண்டு ஏற்றினால் நாம் என்ன செய்கிறோம்? யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடுவதில்லை. எங்கோ தூரக் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது, அது இங்கே வரலாம், ஒடிசா பக்கம் போகலாம், கலைந்தும் போகலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூண்டைப் பார்க்காத மாதிரி படகை அவிழ்த்துக்கொண்டு போவதும் கிடையாது. செய்தி கேட்பார்கள், கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிறார்களா என்று மீன்துறையில் விசாரிப்பார்கள், படகை இழுத்துக் கட்டுவார்கள். சந்தேகம் என்று எழுதிய சீட்டும் அந்த 1-ம் எண் கூண்டு மாதிரிதான். தடவிப் பார்க்கும்போது தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை நீர்க்கட்டி, நார்க்கட்டி போன்ற சாதாரணக் கட்டிகள். மேமோகிராம் வழக்கமாக எடுக்கும் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 பெண்களில் ஒருவரை மறுபடி வரச்சொல்கிறார்கள், அப்படிப் போகிறவர்களிலும் 10-ல் ஒருவருக்கும் குறைவாகத்தான் புற்றுநோய் இருக்கிறது.

அப்படியானால் போகாமல் இருந்தால் என்ன என்று கேட்கலாம். அந்த ஒருவர் யார் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது, அதுதான் சிக்கல். இந்தியாவில் 2022-ல் மட்டும் புதிதாக 1,92,000 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. வந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இடையில் இருக்கிற தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நம் பெண்கள் முற்றிய பிறகு வருவதுதான். 1999-ல் லான்செட் மருத்துவ இதழில், பல நாட்டு ஆய்வுகளில் இருந்த ஒரு லட்சம் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். அறிகுறி தெரிந்து 3 மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களில், ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்களின் அளவு, சீக்கிரம் போனவர்களைவிட 12 சதவீதம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தில், முதன்முதலாகக் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவாகத் தெரிந்துவிடவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் சித்திக்கு 200 நாளுக்கு மேல் ஆனது.

தடவிப் பார்க்கிறது எல்லாம் ஒரு பரிசோதனையா என்று கேட்பவர்களும் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி இருபது வருஷம், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இதைப் பார்த்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அப்படிக் குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரிய இயந்திரம் இல்லாத நம் ஊர் முகாம்களை நான் மதிப்பதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.

ஆனால் என்னை உலுக்கியது இன்னொரு ஊரின் கதை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் 1990-களின் நடுவில் இதே மாதிரி ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 1,38,392 பெண்கள் பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள், கூப்பிட்டவர்களில் 92 சதவீதம் பேர் வந்தார்கள் என்றால் எவ்வளவு நல்ல தொடக்கம். அவர்களில் 3,479 பேருக்குக் கட்டி இருப்பதாகச் சொல்லி மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போய் முடித்தவர்கள் 1,220 பேர். நூற்றுக்கு 35. வீடு தேடிப் போய்க் கூப்பிட்ட பிறகும் 42 சதவீதம் பேர் வரமாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒரே சுற்றோடு 1997-ல் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். முதல் தடவை மறைப்புக்குள் வந்து சட்டையைக் கழற்றத் தயங்காத பெண், கட்டி இருக்கிறது என்று சொன்ன பிறகு ஏன் வரமாட்டேன் என்கிறாள்? அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தையை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மனசுக்குள் ஓடும் கணக்கு

1950-களில் அமெரிக்க அரசு காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுக்க வண்டியை வீட்டுப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அப்படியும் நிறையப் பேர் வரவில்லை. ஏன் என்று அங்கிருந்த சமூக உளவியலாளர்கள் யோசித்ததில் பிறந்ததுதான் இன்றைக்கும் எல்லாச் சுகாதாரப் படிப்பிலும் சொல்லித்தரும் 'ஆரோக்கிய நம்பிக்கை மாடல்' (Health Belief Model) என்கிற கோட்பாடு. பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், விஷயம் எளிது. ஒருவர் பரிசோதனைக்குப் போவதற்கு முன் மனசுக்குள் நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறார். இது எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? போனால் நல்லது நடக்குமா? போவதற்கு நான் என்னவெல்லாம் இழக்கவேண்டும்? இந்தக் கணக்குக்கு மேல், கிளம்பு என்று தள்ளிவிட ஒரு தூண்டுதலும் வேண்டும், என்னால் இதைச் செய்ய முடியும் என்கிற தைரியமும் வேண்டும்.

சித்தியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்கு வருமா என்பதற்கு அவர் பதில், வராது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, ரெண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்திருக்கிறேன், கடலில் பாடுபட்ட உடம்பு. (குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல்தான் பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும், வராமலே தடுத்துவிடாது.) எவ்வளவு மோசம் என்பதற்குப் பதில், சாவுதான். ஏனென்றால் அவர் பார்த்த ஒரே நோயாளி மேலத்தெருவில் புண்ணாகி நாற்றமெடுத்து, கடைசி மூன்று மாதம் தனி அறையில் கிடந்து இறந்த ஒரு பெரியம்மா. பிழைத்தவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் பிழைத்தவர்களை அவர் பார்த்ததே இல்லை. இதை நான் ரொம்பவே யோசித்திருக்கிறேன். நம் ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்களை எல்லோருக்கும் தெரியும், மீண்டவர்கள் மட்டும் ரகசியமாக இருக்கிறார்கள். அப்படியிருக்கும்போது மூன்றாவது கேள்விக்கு, போனால் நல்லது நடக்குமா என்பதற்கு, சித்தி வேறு என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

பயம் ஆளை ஆஸ்பத்திரிக்கு விரட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சிலரை விரட்டும். கிளம்ப வழி தெரியாத, போனாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நம்புகிற ஒருவரை அதே பயம் வீட்டிலேயே உட்காரவைத்துவிடும். பார்க்காதவரை அது வெறும் கட்டி. பார்த்துவிட்டால் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். சுசேன் மில்லர் என்கிற உளவியலாளர் 1980-களில் இதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினார். ஆபத்து என்று தெரிந்ததும் சிலர் துருவித் துருவி எல்லாவற்றையும் கேட்பார்கள், ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் விசாரிப்பார்கள், யூடியூபில் பார்த்து இன்னும் கலங்கிப்போவார்கள். சிலர் அந்தப் பேச்சையே எடுக்காமல் மனசை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இதில் எது நல்ல குணம், எது கெட்ட குணம் என்று இல்லை. ஆனால் சொல்கிற முறை மாறவேண்டும். துருவிக் கேட்பவருக்கு நேரம் ஒதுக்கி ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். எங்கள் சித்தி மாதிரி ஆளுக்கு நோயைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பு எடுத்தால் அவ்வளவுதான், அடுத்த முகாமுக்கே வரமாட்டார். வியாழக்கிழமை காலையில் போகிறோம், ஸ்கேன் மட்டும்தான், மத்தியானம் திரும்பிவிடலாம் என்று அடுத்த ஒரு படியை மட்டும் சொன்னால் போதும்.

வலி இல்லை என்று சித்தி சொன்னது சாக்கு மட்டும் இல்லை, நிஜமான நம்பிக்கையும்கூட. முள் குத்தினால் வலிக்கும், ஜெல்லிமீன் பட்டால் எரியும், உடம்பு இப்படித்தான் ஆபத்தைச் சொல்லும் என்று கடலில் கற்றுக்கொண்டவர். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது என்று யாராவது அவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும்.

வீடும் தெருவும் கடலும்

இதுவரை சொன்னது ஒரு ஆளின் மனசுக்குள் நடப்பது. ஆனால் நம் ஊரில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போவது அவள் ஒருத்தியின் முடிவா? சித்தப்பாவிடம் சொல்லவேண்டும், அவர் கடலுக்குப் போயிருப்பார். திரும்பி வந்தால் தூங்குவார். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டால், படகும் ஆளும் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் வேறு எந்தப் பேச்சுக்கும் இடமில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு லாத்தா (முஸ்லிம் அக்கா), மாப்பிள்ளை, அதாவது கணவர், சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருப்பதால் வாட்ஸ்அப்பில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று. கடைசியில் சொன்னபோது அவர் சத்தம் போட்டது, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றுதான். மறுக்கிற ஆண்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்பதற்கு முன்னாலேயே மறுப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டு கேட்காமலே இருக்கிற பெண்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கான சொல்லே அவர்களிடம் இல்லை. கை வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று சொல்லலாம். மார்பு என்கிற வார்த்தையை மகன் இருக்கும் வீட்டில் எப்படிச் சொல்வது? நெஞ்சு வலி என்று சொன்ன ஒரு அக்காவுக்கு வீட்டார் இசிஜி எடுத்துக்கொண்டு வந்த கதையும் உண்டு.

அடுத்தது மகளின் கல்யாணம். இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். அம்மாவுக்கு அந்த வியாதி என்று பேச்சு கிளம்பினால் பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள் என்கிற பயம் கற்பனை இல்லை, நடக்கிறது. அதனால் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். தன் உயிரைவிட மகள் வாழ்க்கை பெரிது என்று கணக்குப் போடுகிற ஒருவரைப் பார்த்து விழிப்புணர்வு இல்லாதவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிடுவார்களோ என்கிற பயமும் இதோடு சேர்ந்தது. இது ஒட்டுவாரொட்டி இல்லை, கூடச் சாப்பிட்டாலோ கூடப் படுத்தாலோ வராது.

மாதா பார்த்துக்கொள்வாள், அல்லாஹ் விட்ட வழி, ஆத்தா கைவிடமாட்டாள் என்று சொல்வதை விதியை நம்பிக் கிடப்பதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் எங்கள் ஊர் ஆண்கள் காற்றிலும் மழையிலும் கடலுக்குப் போகிறார்கள், அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் சித்தி முங்குகிறார். சாமியை நம்புகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார் என்பதில்லை. தங்கச்சிமடத்தில் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே பெயர் எழுதிக்கொண்டு பெண்களைக் கூட்டிப்போன ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டரை எனக்குத் தெரியும்.

அப்புறம் பணமும் நாளும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம்தானே என்பார்கள். பாசிக்கு நீர் நன்றாக வற்றவேண்டும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் தோது. ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி அந்த நாட்களில் விழுந்தால் அந்தச் சுற்று வருமானத்தில் ஒரு நாள் போயிற்று. பெண்களுக்கு பஸ் இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், மதுரைக்கு அனுப்பினால் டிக்கெட் எடுக்கவேண்டும், துணைக்கு வருகிறவருக்கும் எடுக்கவேண்டும், அவர் கூலியும் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், துணைக்கு ஆள் கிடைக்கும், ஆனால் கையில் காசு இருக்காது. இப்படி ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். ஏழு மாதமும் இப்படித்தான் போனது.

ஆஸ்பத்திரி பேசும் பாஷை

இதில் ஆஸ்பத்திரிக்காரர்களின் பங்கையும் சொல்லாமல் விடமுடியாது. சித்தி ஏழு மாதமும் ஒரேயடியாகப் போகாமல் இருக்கவில்லை. நாலாவது மாதம் ஒருநாள் தனியாகவே கிளம்பி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. எந்த அறை என்று தெரியாமல் சீட்டை நீட்டியபோது, "எழுதுன தேதியைப் பாரு, இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்த? கேன்சரா இருந்தா என்ன பண்ணுவ?" என்று வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் ஒருவர் கத்தியிருக்கிறார். சித்தி ஓ.பி. சீட்டைக்கூட வாங்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். அதுவரை அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. தாமதமாக வருகிறவரைத் திட்டினால் அடுத்த தடவை சீக்கிரம் வருவார் என்று நினைக்கிறார்கள். வரவே மாட்டார்.

சீட்டில் எழுதுவது இன்னொரு பிரச்சினை. ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில் இருக்கும். சித்தியின் சீட்டில் இருந்த ஒரு வார்த்தையைப் படித்த மருமகள், பாசிட்டிவ் என்றால் நல்லது என்றுதானே அர்த்தம் என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், அவள் மேல் தப்பில்லை. கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியாகச் சொல்லமுடியும், இந்த வாரத்துக்குள் போங்கள் என்று தமிழில் நாலு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிற பேச்சு நம் பக்கம் ஆழமாக இருக்கிறது. முற்றிய நிலையில் போய், பயாப்சி எடுத்து, சில மாதத்தில் இறந்தவர்களைப் பார்த்ததால் வந்த நம்பிக்கை அது. நோய்தான் ஏற்கெனவே பரவியிருந்தது, ஊசியால் இல்லை. மருந்து கொடுத்து அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் எடுப்பார்கள், பயாப்சி எடுத்ததால் ஒருவரின் ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. மார்பையே எடுத்துவிடுவார்கள் என்கிற பயத்துக்கும் இதே கதைதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும், முழுதாக எடுத்தவர்கள் அளவுக்கே இவர்களும் வாழ்கிறார்கள் என்று 20 வருஷம் தொடர்ந்து பார்த்து 2002-லேயே ஆய்வுகள் வந்துவிட்டன. முழுதாக எடுக்கவேண்டிய நிலை, தாமதித்தவர்களுக்கு அதிகம் வருகிறது.

கூட ஒரு ஆள்

நியூயார்க்கில் ஹார்லெம் என்று ஒரு பகுதி, ஏழைக் கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த இடம். ஹரோல்ட் ஃப்ரீமன் என்கிற அறுவைச் சிகிச்சை மருத்துவர் அங்கே பார்த்ததும் நம் ஊர் மாதிரிதான், பெண்கள் முற்றிய பிறகு வந்தார்கள். 1990-ல் அவர் ஒரு வேலை செய்தார். பரிசோதனையில் சந்தேகம் என்று வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துணையாளை வைத்தார். டாக்டரோ நர்ஸோ இல்லை, அந்தப் பகுதியையும் அந்த மக்களையும் தெரிந்த ஒருவர். தேதி வாங்கிக் கொடுப்பது, படிவத்தை நிரப்புவது, கூட வந்து உட்காருவது, வீட்டில் பேசுவது, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்பது, இவ்வளவுதான் வேலை. ஆங்கிலத்தில் நேவிகேட்டர் என்கிறார்கள், நம் பாஷையில் வழித்துணை. இலவசப் பரிசோதனையும் இந்த வழித்துணையும் சேர்ந்து, முன்பு நூற்றுக்கு 39 பேர் ஐந்து வருஷம் பிழைத்திருந்த இடத்தில் பின்னால் 70 பேர் பிழைத்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. சித்தி கடைசியில் போனது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் விளக்கிச் சொன்னதால் இல்லை, என் பேச்சுக்கு எல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கூடப் பாசிக்குப் போகிற ஒரு மதினி, பக்கத்துத் தெரு, ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து நின்றார். கையில் பையில் இட்லி, தண்ணீர் பாட்டில். "நேத்தே தண்ணி வத்தலை, இன்னிக்கும் பாசிக்கு ஆகாது. வாங்க, சும்மா ராமநாதபுரம் போயிட்டு வருவோம்" என்றார். அந்த மதினிக்கும் முன்பு கட்டி இருந்து ஊசி போட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது, அதுவரை அதை அவர் சித்தியிடம் சொன்னதில்லை. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது சொன்னாராம். ஸ்கேன் எடுக்கிற அறைக்குள் பெண் டாக்டர்தான் இருக்கவேண்டும் என்று கேட்டதும் அவர்தான், ஜாக்கெட்டைக் கழற்றும்போது வெளியே கதவருகில் நின்றதும் அவர்தான். பயாப்சியும் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது, சாதாரணக் கட்டி.

அப்பாடா என்று இருந்தது, உண்மைதான். ஆனால் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதால் அந்த ஏழு மாதம் பரவாயில்லை என்று ஆகிவிடாது. தூங்காத ராத்திரிகள் இருக்கின்றன. சித்தி சீட்டு வாங்கிய அதே முகாமில் சீட்டு வாங்கிய இன்னொருவருக்குச் சாதாரணமாக வரவில்லை, அவர் இப்போது மதுரையில் சிகிச்சையில் இருக்கிறார், சீக்கிரம் போனதால் நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில், தெருவில் யாரிடமாவது அப்படி ஒரு சீட்டு இருந்தால், ஏன் போகவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எந்த நாள் தோதுப்படும் என்று கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரிசோதனைக்குப் போவதை அதற்காக நிறுத்தவேண்டாம். சிகிச்சை தேவைப்பட்டால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை அதில் கிடைக்கும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளலாம். சீட்டு கிழிந்திருந்தாலும், தேதி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புதுச் சீட்டு எழுதித் தருவார்கள். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு போன் செய்து தமிழிலேயே கேட்கலாம். முன்கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் உள்ளே சுலபமாக இருக்கும், இதை எங்கள் சித்தி சொல்லச் சொன்னார். வெறும் வயிற்றோடு போகவேண்டிய அவசியமில்லை, கையில் சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நேரமாகும்.